சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் கொங்குச் சீமையின் வீடுகளில் இரண்டு மாதத்துக்கு வேறு பேச்சு இருக்காது. கட்-ஆஃப் எவ்வளவு, போன வருடம் அந்தக் கல்லூரியில் எத்தனையோடு நின்றது, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் மெக்கானிக்கல் எடுக்கலாமா என்று காலைக் காப்பியோடு தொடங்கும் கணக்கு இரவுச் சாப்பாடு வரை ஓடும். 2025ஆம் ஆண்டில் தேர்வு முடிவு மே 8 அன்று வந்தது. பொறியியல் தரவரிசைப் பட்டியல் ஜூன் 27 அன்று வெளியானது. மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கான கலந்தாய்வு ஜூலை 7 அன்று தொடங்கியது. நடுவே அறுபது நாள். மற்ற மாணவர்களுக்கு இது காத்திருக்கும் காலம்; இரண்டு வாரம் சும்மா கழிந்தாலும் நட்டமில்லை. சக்கர நாற்காலியில் வரும் மாணவிக்கும், பார்வையில்லாத மாணவனுக்கும், காது கேளாத பிள்ளைக்கும், எழுத்துகள் கண்ணெதிரே குழம்பிப்போகும் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கும், தலசீமியாவுக்காக வாரக்கணக்கு வைத்து ரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைக்கும் அப்படியில்லை. கல்லூரியில் அவர்கள் நிலைத்து நிற்பார்களா, பாதியில் நின்றுவிடுவார்களா என்பதில் பெரும்பங்கு இந்த அறுபது நாளில்தான் தீர்மானமாகிறது.

“முதல்ல சீட்டு கிடைக்கட்டும், சேர்ந்ததுக்கப்புறம் பார்த்துக்கலாமுங்க.” வீட்டுத் திண்ணையிலும் கல்லூரி அலுவலகத்திலும் ஒரே தொனியில் கேட்கும் வார்த்தை இது. கெட்ட எண்ணத்தில் யாரும் சொல்வதில்லை, ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் மாற்றுத்திறனாளி மாணவர்களின் படிப்புக்கு இதைவிடத் தீங்கு செய்யும் ஆறுதல் வேறில்லை. கல்லூரியில் கிடைக்கவேண்டிய உதவி சீட்டோடு கூடவே வரவேண்டியது. அதற்கான பேச்சு சீட்டு கிடைப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். அந்தப் பேச்சைத் தொடங்குவதற்குச் சிறந்த வழி, விருப்பப் பட்டியலை நிரப்புவதற்கு முன்னால் கல்லூரிக்கு நேரில் போய்ப் பார்ப்பது.

கதவு திறந்திருக்கிறது, வருபவர்கள் எங்கே?

கதவு திறக்கவில்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வியில் 3 சதவீத இடம் ஒதுக்கியது. அதன் இடத்தில் வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 5 சதவீதமாக உயர்த்தியது. 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றுக்கொண்டிருந்த பட்டியல் 21 ஆக விரிந்தது. கற்றல் குறைபாடு, தலசீமியா, ஹீமோபிலியா, நீலகிரிப் பழங்குடி மக்களிடையே காணப்படும் அரிவாள் செல் ரத்தசோகை எல்லாம் அதில் சேர்ந்தன. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாதவர்களுக்கு அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் ஒதுக்கீடும், ஐந்தாண்டு வயதுத் தளர்வும் உண்டு. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த ஒதுக்கீட்டைக் கட்டாயம் நிறைவேற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்விலும், அரசு கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கையிலும் இந்த மாணவர்களை முதலில் அழைத்து இடம் தருகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் உள்ளே வந்திருப்பவர்கள் எத்தனை பேர்? ஒன்றிய அரசின் 2021-22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டின் கல்லூரிகளில் படித்தவர்கள் சுமார் 4.33 கோடி. அவர்களில் மாற்றுத்திறனாளிகள் 88,748 பேர். ஆயிரம் மாணவருக்கு இரண்டு பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகளின் பங்கு 2.21 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு 22 பேர். அந்த 22 பேரில் எல்லா வயதினரும் அடக்கம் என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாதுதான். என்றாலும் இடைவெளி அத்தனை பெரிது. வயதுக் கணக்கு மட்டும் அதை விளக்கிவிடாது. அதே உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி கல்லூரி வயதினரில் 47 சதவீதம் பேர் உயர்கல்விக்குப் போகும் மாநிலம் தமிழ்நாடு. நாட்டின் சராசரி 28.4 தான். அப்படிப்பட்ட மாநிலத்திலும், பொறியியல் கலந்தாய்வில் இவர்களுக்கென ஒதுக்கப்பட்ட இடங்களோடு ஒப்பிட்டால் கேட்டு வருபவர்கள் மிகச் சிலர். இடம் காலியாக இருக்கிறது, ஆள் வரவில்லை என்றால், குறை இடத்தின் எண்ணிக்கையில் இல்லை. அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் வழியில் இருக்கிறது.

பள்ளிப் படிப்பிலேயே பலர் நின்றுவிடுவது இதற்கு முதல் காரணம். அது தனியே பேசவேண்டிய பெரிய சங்கதி. ஆனால் பிளஸ் டூ வரை வந்து தேறியவர்களையும் தயங்கவைப்பது ஒன்று உண்டு. பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்த தகவல் எதுவும் கல்லூரிக்குப் போவதில்லை. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரை வைத்துக்கொண்டாரா, கூடுதல் நேரம் பெற்றாரா, எந்த மொழித்தாளில் விலக்கு வாங்கினார் என்பதெல்லாம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் பதிவாக இருக்கிறது. கல்லூரியில் முதல் பருவத் தேர்வு வரும்போது அதே மாணவர் அதே சான்றிதழைத் தூக்கிக்கொண்டு, தான் யார் என்று ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். சேர்க்கை விண்ணப்பமும் இதற்கு உதவுவதில்லை. எந்த வகைக் குறைபாடு, சான்றிதழ் எங்கே என்று அது கேட்கிறது. ஒதுக்கீட்டுக்குத் தகுதி இருக்கிறதா என்று சரிபார்க்க அது போதும். வகுப்புக்கு வர என்ன வேண்டும், படிக்க என்ன வேண்டும், தேர்வு எழுத என்ன வேண்டும் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

ஜூலையில் போடும் கால அட்டவணை

“சேர்ந்த பிறகு பார்த்துக்கலாம்” என்பது ஏன் தவறு என்பதற்கு ஒரு கல்லூரி எப்படி இயங்குகிறது என்று கவனித்தாலே விடை கிடைக்கும். முதலாண்டு மாணவர்களை எந்தப் பிரிவில் போடுவது, எந்தப் பிரிவுக்கு எந்த மாடியில் வகுப்பு, ஆய்வகம் எந்த நாளில், விடுதியில் யாருக்கு எந்த அறை, கல்லூரிப் பேருந்து எந்த ஊர் வழியாக எத்தனை மணிக்கு என்பதெல்லாம் வகுப்பு தொடங்கும் முன் சில வாரங்களில் முடிவாகிவிடும். அந்த நேரத்தில் “எங்கள் பிரிவில் நடக்க முடியாத மாணவி ஒருத்தி வருகிறாள்” என்று துறைத்தலைவருக்குத் தெரிந்திருந்தால், அட்டவணையில் மூன்றாம் மாடி என்பதைத் தரைத்தளம் என்று மாற்றி எழுதுவார். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. அதே கோரிக்கை செப்டம்பரில் வந்தால் இரண்டு பிரிவுகளை இடம் மாற்ற வேண்டும், இன்னொரு துறையிடம் அறை கேட்க வேண்டும், அட்டவணையைக் கலைத்துப் போட வேண்டும். ஜூனில் இயல்பாக நடந்திருக்கக்கூடிய ஒன்று செப்டம்பரில் சலுகையாகிவிடுகிறது. கேட்கும் பிள்ளை எல்லோருக்கும் தொந்தரவு தருபவளாகத் தெரிகிறாள். பிறகு அவள் கேட்பதையே நிறுத்திக்கொள்கிறாள்.

பார்வையில்லாத மாணவருக்கு இதே கதை புத்தக வடிவில் நடக்கும். இன்று கணினித் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன; தமிழையும் படிக்கின்றன. ஆனால் ஆசிரியர் தரும் பாடக்குறிப்பு பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், திரையில் பார்ப்பவருக்கு அது அழகான தமிழ். மென்பொருளுக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல். யூனிகோடில் இருந்தால் மட்டுமே அது தமிழாக ஒலிக்கும். நகலெடுத்த புத்தகத்தைப் படமாக ஸ்கேன் செய்து அனுப்பினாலும் இதே கதிதான். புத்தகங்களை இவர்கள் படிக்கும் வடிவுக்கு மாற்ற 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் அனுமதி தருகிறது. அதே நோக்கத்துக்காக உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. சட்டம் கையில் இருக்கிறது. ஆனால் ஒரு பருவத்தின் ஆறு பாடப் புத்தகங்களை மாற்ற வாரக்கணக்கில் ஆகும். பாடத்திட்டம் ஜூனில் தெரியும். வேலையை ஜூனில் தொடங்கினால் ஆகஸ்டில் அவரும் மற்றவர்களோடு முதல் பக்கத்தைத் திறப்பார். ஆகஸ்டில் தொடங்கினால் முதல் உள்தேர்வுக்கு அவர் கையில் ஒன்றும் இருக்காது.

இடம் உறுதியாகாமல் தயாராவது எப்படி?

கல்லூரி முதல்வர்கள் இதற்குச் சொல்லும் மறுப்பு நியாயமாகவே தோன்றும். யார் சேரப்போகிறார் என்று கலந்தாய்வு முடியும்வரை தெரியாது. தெரியாத ஒருவருக்காக எதைத் தயார் செய்வது? விடை சட்டத்திலேயே இருக்கிறது. உதவியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, யார் வந்தாலும் வராவிட்டாலும் முன்கூட்டியே இருக்கவேண்டிய தடையற்ற சூழல்: சாய்தளம், அகலமான கதவு, சக்கர நாற்காலி திரும்பும் அளவுக்குக் கழிப்பறை, மென்பொருள் படிக்கக்கூடிய இணையதளம். இன்னொன்று, குறிப்பிட்ட ஒருவருக்காகச் செய்யும் நியாயமான வசதி: இந்த மாணவருக்குச் சொல்வதை எழுதும் எழுத்தர், அந்த மாணவிக்கு முன்வரிசை இருக்கை. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துச் சொன்னது. முதல் வகை யாரும் கேட்பதற்கு முன்பே நிறைவேற்ற வேண்டிய கடமை. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுக்குள் மாற்ற வேண்டும் என்கிறது 2016 சட்டம். கல்விக்காகப் பயன்படும் தனியார் கட்டடங்களும் அந்த வரையறைக்குள் வருகின்றன. விதிகள் வெளியானது 2017 ஜூனில் என்பதால் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. எனவே சாய்தளம் கட்ட ஒரு மாணவரின் வருகைக்காகக் காத்திருப்பதற்கு இடமே இல்லை.

இரண்டாவது வகைக்குத்தான் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கும் இடம் உறுதியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று இங்கிலாந்தின் நடைமுறை காட்டுகிறது. அங்கே பல்கலைக்கழகங்கள் மாணவருக்கு முதலில் தருவது நிபந்தனையோடு கூடிய இடம்தான். இன்ன மதிப்பெண் வந்தால் இடம் உனக்கு என்பார்கள்; முடிவு ஆகஸ்டில் வரும், படிப்பு செப்டம்பர் வாக்கில் தொடங்கிவிடும். ஆனாலும் யூகாஸ் என்ற பொது விண்ணப்பத்திலேயே உடல்நலம், குறைபாடு பற்றிச் சொல்லலாம். அரசு தரும் மாற்றுத்திறனாளி மாணவர் உதவிக்கு இடம் உறுதியாகும் முன்பே விண்ணப்பிக்கலாம். அங்குள்ள 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், மாணவர் வந்து நிற்கும்வரை பார்த்திராமல் முன்னதாகவே எதிர்பார்த்துத் தயாராகும் கடமையைப் பல்கலைக்கழகங்கள்மேல் வைத்திருக்கிறது. அங்கே எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. இடம் நிச்சயமில்லாத நிலையிலும் திட்டமிட முடியும் என்பதற்கு அது சாட்சி. நம் ஊரில் நிச்சயமின்மை அதைவிடக் குறைவு. தன் கட்-ஆஃபுக்கும் சிறப்புப் பிரிவில் தன் ரேங்குக்கும் எந்த நாலைந்து கல்லூரிகள் கிடைக்கக்கூடும் என்று தரவரிசை வந்ததுமே மாணவருக்கு ஓரளவு தெரிந்துவிடும். அந்த நாலைந்து கல்லூரிகளோடு பேசினால் போதும்.

நேரில் போய்ப் பேசுவது என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய உதாரணம் உண்டு. பதினான்கு வயதில் போலியோ தாக்கி, கழுத்துக்குக் கீழே செயலிழந்து, இரவில் மூச்சுவிட இரும்பு நுரையீரல் என்னும் பெட்டிக்குள் படுக்கவேண்டியிருந்த எட் ராபர்ட்ஸ் என்ற இளைஞருக்கு 1962இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அந்தக் கனத்த பெட்டியைத் தாங்கும் விடுதி அங்கே இல்லை. நேரில் பேசியபோது வளாக மருத்துவமனையின் பொறுப்பாளர் தம் கட்டடத்திலேயே ஓர் அறை தர முன்வந்தார். ஒருவருக்குத் திறந்த அந்த அறையைத் தேடி அடுத்தடுத்து மாணவர்கள் வந்தார்கள். 1970இல் அது அந்தப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளி மாணவர் திட்டமாகவே வளர்ந்தது. இன்று உலகெங்கும் உள்ள வளாக உதவி மையங்களுக்கு முன்னோடிகளில் ஒன்று அது.

அங்குல டேப்போடு ஒரு நாள்

கோவை வட்டாரத்தில் நேரில் போய்ப் பார்ப்பது கடினமான காரியமில்லை. தடாகம் சாலையில் 1945இல் தொடங்கிய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி, பீளமேட்டில் 1951இன் பி.எஸ்.ஜி.யும் 1956இன் சி.ஐ.டி.யும், லாலி ரோட்டில் வேளாண் பல்கலைக்கழகம், மருதமலைச் சாலையில் பாரதியார் பல்கலைக்கழகம், நகருக்குள்ளேயே அரசு கலைக் கல்லூரி என எல்லாம் ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருக்கின்றன. பொள்ளாச்சி, திருப்பூர், பெருந்துறை, ஈரோடு என்று போனாலும் காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன் வரும் ஒருவரும் 2021 முதல் கட்டணமின்றிப் பயணிக்கலாம். நாள் தவறக்கூடாது என்பது மட்டுமே முக்கியம். விருப்பப் பட்டியலைப் பூட்டிவிட்டால் வரிசையை மாற்ற முடியாது. தற்காலிக ஒதுக்கீடு வந்தால் ஏற்பதா, மேலே எதிர்பார்ப்பதா என்று ஓரிரு நாளில் சொல்லியாக வேண்டும்; கல்லூரியில் போய்ப் பணம் கட்டவும் சில நாள்தான் அவகாசம். அந்த ஓட்டத்தில் கழிப்பறைக் கதவை யாரும் அளக்க மாட்டார்கள். எனவே கலந்தாய்வு தொடங்குவதற்கு முன்பான வாரங்களே இதற்கு உரியவை.

போகும்போது காரில் போகாமல், தினமும் எப்படி வரவேண்டியிருக்குமோ அப்படியே வர வேண்டும். கல்லூரிப் பேருந்து என்றால் அதன் முதல் படி தரையிலிருந்து எத்தனை உயரம் என்று பார்க்க வேண்டும். பல பேருந்துகளில் அது முழங்கால் அளவு இருக்கும். வாசலில் இறங்கி முதலாண்டு வகுப்புவரை சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ போய்ப் பார்க்க வேண்டும். சாய்தளம் இருக்கிறது என்று சொல்வார்கள். கையில் ஓர் அங்குல டேப் இருந்தால் அந்தச் சொல்லைச் சோதித்துவிடலாம். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது விதி. 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரே ஒரு படிக்குக்கூட 180 சென்டிமீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். மூன்று படியை மூடி ஆறடிக்குச் சிமெண்டைச் சரித்துவிட்டிருந்தால், அது மோட்டார் சைக்கிளை ஏற்றத்தான் உதவும். சக்கர நாற்காலி பின்னால் சாய்ந்துவிடும். சாய்தளத்தின் அடி மணலில் போய் முடிகிறதா, கதவு 90 சென்டிமீட்டர் திறக்கிறதா, கழிப்பறையைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் வைத்திருக்கிறார்களா, லிஃப்ட் மாணவருக்கும் உண்டா, மின்தடை நாளில் ஜெனரேட்டரில் ஓடுமா என்று பார்க்க வேண்டும். படமெடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே படிக்கும் மூத்த மாணவர் எவராவது கிடைத்தால் பத்து நிமிடம் பேச வேண்டும். அலுவலகம் சொல்லாததை அவர் சொல்வார்.

கண்ணுக்குத் தெரியாத குறைபாட்டுக்கு டேப் பயன்படாது, கேள்விகள் பயன்படும். ரத்தம் ஏற்றிக்கொள்ள மாதத்தில் இரண்டு நாள் போகும் மாணவருக்கு 75 சதவீத வருகைப்பதிவு விதியை எப்படிக் கணக்கிடுவீர்கள்? அரிவாள் செல் நோய் உள்ள பிள்ளை குளிரிலும் தாகத்திலும் வாடக்கூடாது. விடுதியில் வெந்நீர் கிடைக்குமா, தேர்வறைக்குள் தண்ணீர் அனுமதி உண்டா? சொல்வதை எழுதுபவரைக் கல்லூரி தருமா, நாங்களே அழைத்து வரலாமா? மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் என்ற விதி, மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் என்று ஆகும். அது உள்தேர்வுகளுக்கும் உண்டா? குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் எழுத முடியாதவருக்கு எழுத்தர் பெறும் உரிமை உண்டு என்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் அதற்கான நெறிமுறைகளும் வந்தன. இந்த விவரங்கள் தெரிந்து கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் வேறு, தெரியாமல் கெஞ்சுபவருக்குக் கிடைக்கும் பதில் வேறு. பேசி முடித்ததும் கேட்டவற்றை ஒரு தாளில் எழுதி, முதல்வருக்கு முகவரியிட்டு, அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல் ஆள் மாறினால் மறைந்துவிடும். முத்திரை போட்ட தாள் அப்படி மறையாது.

காத்திருக்கும் நாளில் காகிதங்களும் தயாராக வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இல்லாதவர்கள் கலந்தாய்வுக்கு வெகு முன்னதாகவே விண்ணப்பிப்பது நல்லது. மருத்துவக் குழுவின் பரிசோதனை, சான்றிதழ் என்று அது நாள்களை விழுங்கும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் சக்ஷம் உதவித்தொகை, குடும்ப வருமானம் எட்டு லட்ச ரூபாய்க்குள் உள்ள, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. சேர்ந்த பிறகுதான் அதற்கு விண்ணப்பிக்க முடியும் என்றாலும், வருமானச் சான்றிதழை முன்பே வாங்கி வைத்தால் கடைசித் தேதியில் ஓட வேண்டியதில்லை.

சொன்னால் ஒதுக்கிவிடுவார்களே

பெற்றோரின் பெரிய தயக்கம் வேறொன்று. முன்கூட்டியே சொன்னால் “இது நமக்குச் சரிவராது” என்று கல்லூரி கைவிரித்துவிடுமோ என்ற பயம். இந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனால் கலந்தாய்வு வழியாகக் கிடைக்கும் இடத்தைத் தருவது தரவரிசை; கல்லூரி அல்ல. ஜூனில் போய் என்ன கேட்டாலும் அந்த இடத்தைக் கல்லூரி தட்டிப்பறிக்க முடியாது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்பவருக்குத்தான் எச்சரிக்கை தேவை. அங்கே முதலில் வசதிகளைப் பொதுவாக விசாரித்துவிட்டு, தம் நிலையைப் பிறகு சொல்லலாம். அவர்களுக்கும் சட்டத்தின் காவல் உண்டு. சுயநிதிக் கல்லூரிகள் 5 சதவீத ஒதுக்கீட்டுப் பிரிவு தங்கள் நிர்வாக இடங்களுக்குப் பொருந்தாது என்று சொல்லலாம். ஆனால் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறுபவை மட்டுமின்றி அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்களும் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும், வளாகத்தைத் தடையற்றதாக்க வேண்டும், தனித்தனித் தேவைக்கேற்ற வசதி தர வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. அங்கீகாரம் இல்லாமல் நடக்கும் கல்லூரி கொங்கு மண்டலத்தில் எது? தவிர, யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது மாணவரின் உரிமை. தேர்வுப் பிரிவுக்குத் தெரியவேண்டியது வகுப்பு முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. கல்லூரியும் அப்பாவைப் பார்த்துப் பேசாமல் பிள்ளையைப் பார்த்துப் பேச வேண்டும்; தனக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைக்குத்தான் நன்றாகத் தெரியும்.

“கூட்டாளிங்க இருக்காங்க, தூக்கிட்டுப் போயிருவாங்க” என்பது இன்னொரு பதில். இந்த மண்ணின் பிள்ளைகள் அப்படிச் செய்பவர்கள்தான். அந்த அன்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் நண்பனுக்குக் காய்ச்சல் வந்த நாளில் வகுப்பு போய்விடும். கால் இடறினால் இருவருக்கும் அடிபடும். தன்னைத் தூக்கச் சொல்லி ஒரு பெண்பிள்ளை எத்தனை நாள் யாரிடம் கேட்பாள்? கழிப்பறைக்குப் போகவேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் மாலைவரை உட்கார்ந்திருப்பதுதான் அதன் முடிவு. நட்பு படிப்புக்குத் துணையாக இருக்கட்டும். கட்டடத்தின் குறையைச் சுமக்கும் வேலையை அதன் தோளில் ஏற்ற வேண்டாம். “எதுக்குங்க அலையணும், தபால்லயே படிக்கட்டும்” என்பவர்களுக்கும் இதே பதில்தான். விரும்பித் தொலைநிலைக் கல்வியைத் தேர்ந்தெடுப்பது ஒன்று, படிக்கட்டுக்குப் பயந்து அதில் ஒதுங்குவது வேறு. ஆய்வகம், விவாதம், வளாக நேர்காணல், நாலு பேர் பழக்கம் எல்லாம் கல்லூரியில்தான் கிடைக்கும். பிள்ளைக்கு வேலை வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் இவற்றை விட்டுக்கொடுக்கக் கூடாது.

வருபவர் ஒருவரோ இருவரோ, அதற்காக இத்தனை செலவா என்று கேட்பவர்கள், மேலே கேட்டவற்றில் எதற்கெல்லாம் பணம் வேண்டும் என்று எண்ணிப் பார்க்கட்டும். தரைத்தள வகுப்புக்கு இல்லை. யூனிகோட் குறிப்புக்கு இல்லை. முன்வரிசை இருக்கைக்கு, தேர்வறைத் தண்ணீருக்கு, கழிப்பறைச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து வைப்பதற்கு இல்லை. செலவு பிடிக்கும் கட்டட வேலைக்கு ஏற்கெனவே சட்டக் கடமை இருக்கிறது. வருபவர் சிலர்தான் என்பதும் சுற்றிவரும் வாதம். வழி இல்லாததால் வரவில்லை, வராததால் வழி போடவில்லை. அறிவுரை வேண்டுமென்றால் பக்கத்திலேயே கிடைக்கும். பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷனின் விவேகானந்தா கல்வி நிறுவன வளாகத்தில் மாற்றுத்திறன் மேலாண்மைக்கும் சிறப்புக் கல்விக்கும் தனிப் புலமே இயங்குகிறது. அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வித் துறை இருக்கிறது. நாட்டின் பல நகரங்களுக்கு வாய்க்காத அறிவு கோவையின் மேட்டுப்பாளையம் சாலையிலேயே இருக்கும்போது, எப்படிச் செய்வது என்று தெரியவில்லை என்ற பதில் இங்கே நிற்காது.

ஆகவே கேட்கவேண்டியது பெரிய காரியமில்லை. சேர்க்கை விண்ணப்பத்தில் மாற்றுத்திறனாளி என்று குறிப்பவருக்கு அடுத்து ஒரு கேள்வி வேண்டும்: வகுப்புக்கு வர, படிக்க, தேர்வு எழுத உங்களுக்கு என்ன தேவை? இடம் ஒதுக்கிய அன்றே அந்த விடை கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு வாரத்தில் கல்லூரி எழுத்தில் பதில் தர வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் ஜூனில் ஒரு நாளை அறிவித்து, இந்த மாணவர்களை வரவழைத்து வளாகத்தைச் சுற்றிக்காட்ட வேண்டும். சேர்க்கைக்காக மண்டபம் பிடித்துக் கண்காட்சி நடத்தும் கல்லூரிகளுக்கு இது சுமையாக இருக்காது. அரசு இதைச் செய்யும்வரை மாணவரும் பெற்றோரும் காத்திருக்க வேண்டாம். அடுத்த மே மாதம் முடிவு வந்ததும் கட்-ஆஃப் கணக்குப் போடும் அதே நோட்டில் இன்னொரு பக்கத்தைத் திறந்து, கிடைக்கக்கூடிய கல்லூரிகளின் பெயரை எழுதி, எந்தக் கிழமை எங்கே போவது என்று குறித்துக்கொள்ளலாம். ஜூலையில் துறைத்தலைவர் கால அட்டவணை எழுத உட்காரும்போது, அந்தப் பிள்ளையின் பெயர் அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.